ஈரக் கரி

அத்தியாயம் 11

ஒன்பதாவது தடவையாக உலையை அணைத்து, ஐந்நூற்று நாற்பது கிராம் கரியையும் ஒரே தட்டில் சேர்த்ததோடு போன வாரம் கதையை நிறுத்தினேன். அது சனிக்கிழமை சாயங்காலம். இது ஞாயிறு காலை.

ஷெட்டைத் திறந்தேன். தட்டின் மேல் ஒரு ஈரச் சாக்கு கிடந்தது. நான் போட்டதல்ல.

சாக்கை எடுத்தேன். பொடியாக இருந்த கரி சேறாகக் கிடந்தது. மேலே ஒரு விரற்கடைத் தண்ணீர்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒன்பது மாதமாக எனக்கு எதுவும் அந்தந்த நேரத்தில் வருவதில்லை.

என் மனைவி எழில் இறந்து ஒன்பது மாதம். சிவகாசிப் பக்கம் இருபத்தேழு வயதுச் சாவு என்றால் ‘எந்தப் பட்டாசுக் கம்பெனி?’ என்றுதான் கேட்பார்கள். கம்பெனி இல்லை. டெங்கு. ஆறு நாள். காரியம் முடிந்ததும் எல்லோரும் ஊருக்குப் போனார்கள். அவளுடைய அம்மா மாடத்தி மட்டும் போகவில்லை. ‘மாப்ள சாப்பாட்டுக்கு என்ன செய்வாரு’ என்று தங்கிவிட்டார். இருபத்தாறு வருடம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். இப்போது என்னோடு ஷெட்டுக்கு வந்து கரியைப் பொடித்துச் சலித்துத் தருகிறார்.

ஷெட் ஆமத்தூர் பக்கத்தில் இருக்கிறது. சாதிக் பாட்சாவுடையது. பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கருவேலங்கரி லோடு அனுப்புகிறவர்.

அந்தக் கரி எரிய வேண்டும். என் கரி எரியக் கூடாது. சோடியம் பேட்டரிக்குள் ஒரு பக்கத்துத் தகட்டில் இதைப் பூசுவார்கள். சார்ஜ் ஏறும்போது சோடியம் இதற்குள் வந்து தங்கும். செலவாகும்போது வெளியே போகும். செல்போன் பேட்டரியில் கிராஃபைட் செய்கிற வேலைதான். ஆனால் கிராஃபைட்டின் ஒழுங்கான அடுக்குகளுக்குள் சோடியம் தங்காது. கோணல்மாணலான அடுக்கு வேண்டும். பனங்கொட்டை ஓட்டைக் காற்றுப் படாமல் ஆயிரத்து முந்நூறு டிகிரியில் சுட்டால் அப்படி ஒரு கரி கிடைக்கிறது. உலை சிறியது. ஒரு தடவைக்கு அறுபது கிராம். ஒன்பது தடவை. மூன்று வாரம்.

இன்று ஐந்து மணிக்கு கோயம்புத்தூரிலிருந்து பேட்டரிக் கம்பெனி வண்டி வரும். அரைக் கிலோ கேட்டிருந்தார்கள். எங்களோடு இன்னும் இரண்டு பேர் கரி கொடுக்கிறார்கள். நாளை மூன்றையும் வைத்து பேட்டரி செய்து பார்ப்பார்கள். பிந்தினால் அடுத்த வருடம்தான். ஆடிப் பதினெட்டுக்குள் ஆர்டர் வராவிட்டால் ஷெட்டைக் காலண்டர் கோடவுனுக்கு விடப்போவதாக சாதிக் பாய் சொல்லியிருந்தார்.

அது போனால் எனக்கு ஓசூரில் ஒரு வேலை இருக்கிறது. அத்தைக்கு ஓசூரில் என்ன இருக்கிறது?

எழிலின் அண்ணன் ஊர்க்காவலன் புதன்கிழமையே போனில் சொல்லிவிட்டார். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சீசனுக்கு ஆள் எடுக்கிறார்கள். அம்மா பெயரைக் கொடுத்தாயிற்று. திங்கள் காலை ஆறரைக்கு வேன். ஞாயிறு வந்து கூட்டிப் போகிறேன் என்றார்.

அத்தை சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழரைக்கு அத்தை தூக்குவாளியோடு வந்தார்.

“வெறும் வயித்தோட வந்துட்டீகளே மாப்ள. இட்லி கொண்டாந்துருக்கேன்.”

“அத்த, இதுல தண்ணி ஊத்துனது யாரு?”

“நாந்தான்.”

“எதுக்கு?”

“மிச்ச மருந்த ராத்திரிக்கு வச்சிருக்கலாமா? பொளுது சாயுறதுக்குள்ள அவிச்சுரணும்ல. நீங்க அசதில மறந்துட்டீகன்னு நெனச்சேன்.”

பட்டாசுக் கம்பெனியில் மருந்து என்றால் வெடிக்கிற கலவை. காலையில் கலந்தது அன்றைக்கே தீர வேண்டும். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி அழிக்க வேண்டும். அத்தை இருபத்தாறு வருடம் ஒரு நாளும் அதை மறந்ததில்லை. அதனால்தான் இன்று இட்லி கொண்டு வர உயிரோடு இருக்கிறார்.

“இது மருந்து இல்ல அத்த. வெறும் கரி. வெடிக்காதுன்னு சொல்லிருக்கேன்ல?”

“சொன்னீக. எங்க கம்பெனி போர்மேனும் அப்பிடித்தான் சொல்லுவாரு.”

அத்தை தட்டுக்குள் எட்டிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

“இதுதான் இன்னைக்கு வண்டில போறதா?”

“ஆமா.”

“அனுப்புறது தனியா இருக்குன்னுல்ல நெனச்சேன்.” குரல் இறங்கிவிட்டது. “கெட்டுப்போச்சா மாப்ள?”

“எந்தத் தண்ணி ஊத்துனீக?”

“செவப்பு வாளித் தண்ணி. போர்த் தண்ணிதான்.”

தீயணைக்க வைத்திருக்கும் வாளி. குடிதண்ணீரில் உப்பு பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. வாளியில் விட்டேன். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது காட்டியது. எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரில் சோறு வெந்தாலே அதிசயம்.

“காயப்போட்டா சரியாகாதா?”

“தண்ணி போயிரும். அதுல உள்ள உப்பு போகாது.”

“இது உப்பு பேட்டரிதானன்னு சொன்னீக?”

“அந்த உப்பு வேற. இதுல சுண்ணாம்பு எல்லாம் கெடக்கும். சோடியம் உக்கார வேண்டிய எடத்த அடைச்சுக்கும்.”

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினார்.

“அப்ப நல்ல தண்ணிய ஊத்தி அலசிருவோம்,” என்றார்.

அதைத்தான் நானும் நினைத்தேன். ஆனால் நினைத்து எழுந்திருக்க எனக்கு இன்னும் அரை மணி ஆகியிருக்கும்.

புனலில் வடிதாள் போட்டு, அடியில் சின்ன பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும். அது இருந்தது. லாரி பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீர் ஐந்து லிட்டர்தான் இருந்தது. முதல் அலசலிலேயே தீர்ந்தது. மீட்டர் தொள்ளாயிரத்தில் நின்றது.

ஒன்பது மணிக்கு வாசலில் பைக் நின்றது. ஊர்க்காவலன். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, முழங்கை வரை மடிப்பு. என்னைவிட நான்கு வயது மூத்தவர்.

“ஏம்மா, வீட்டுக்குப் போனா பூட்டிக் கெடக்கு. பையக் கட்டி வையின்னு சொன்னேன்ல?” உள்ளே வந்தவர் நின்றார். அத்தையின் கை முழங்கை வரை கறுப்பு. “இதென்னம்மா கோலம்? எருமை மாட்டுக்குப் பிரசவம் பாத்தியா?”

“ஏலே, வாய வச்சிட்டு சும்மா இரு. போயி பேட்டரித் தண்ணி வாங்கியா.”

“நான் ஒன்னையக் கூப்பிட வந்தேன்.”

“வாங்கியாந்துட்டுக் கூப்புடு.”

அவர் என்னைப் பார்த்தார். “எம்புட்டு மாப்ள?”

“நாப்பது லிட்டர் மச்சான்.”

“நாப்பதா? விருதுநகர் ஜில்லால ஓடுற அம்புட்டு லாரிக்கும் ஊத்தப் போறீகளா?”

ஆனாலும் போனார். பத்தரைக்குத் திரும்பினார். பைக்கின் இரண்டு பக்கமும் முன்னாலும் வெள்ளை கேன்கள். எட்டு.

“ஞாயித்துக்கெளம எவன் கடை தொறந்திருக்கான்? இன்வெர்ட்டர் கடைக்காரரு வீட்டுக்கே போனேன். மனுசன் தலைக்கு எண்ணெய வச்சு உக்காந்திருக்காரு. இம்புட்டுத் தண்ணி எதுக்குப்பான்னாரு. கரி களுவன்னேன். கதவச் சாத்தப் பாத்தாரு.”

அத்தை சிரித்தார். புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவை.

இரண்டாம் அலசல். நானூறு. மூன்றாவது, நூற்றைம்பது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கரி வடிதாளோடு போயிற்று. நான் தாளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அத்தை தாளைக் கவிழ்த்து, பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினார். கரி முழுசாக விழுந்தது. பிறகு அந்த வேலையை நான் தொடவில்லை.

பதினொன்றரைக்கு சாதிக் பாட்சா வந்தார். வாசல் வாய்க்காலில் ஓடும் கறுப்புத் தண்ணீரைத் தாண்டி, வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“என்ன தம்பி, ரெடி பண்ணி வச்சாச்சுன்னு நேத்தே சொன்னீக?”

“கொஞ்சம் தண்ணி பட்டுருச்சு பாய்.”

“எப்படிப் படும்? மழையா பெஞ்சுச்சு?”

நான் ஏதாவது சொல்வதற்குள் அத்தை எழுந்து நின்றார்.

“நாந்தான் ஊத்துனேன் பாய். மருந்துன்னு நெனச்சு அவிச்சுட்டேன்.”

பாய் தாடியைத் தடவினார்.

“எங்க லைன்ல கரி மூட்டைக்குத் தண்ணி தெளிக்கிற ஆளுக உண்டும்மா. எடைக்கு. பயத்துல ஊத்துன ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்.” என்னிடம் திரும்பினார். “அஞ்சு மணிக்கு ஆகுமா தம்பி?”

“ஆகணும் பாய்.”

“ஆகலைன்னா?”

“தெரியல.”

“இதையாவது உண்மையாச் சொன்னீகளே,” என்று போய்விட்டார்.

ஆறாவது அலசலில் மீட்டர் பதினெட்டுக்கு வந்தது. அது போதும். கரியை மூன்று தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, காற்றை உறிஞ்சிவிட்டுச் சூடாக்கும் அடுப்பில் வைத்தேன். நூற்றிருபது டிகிரி. மணி பன்னிரண்டரை. குறைந்தது நான்கு மணி நேரம். இனி காத்திருக்கிற வேலைதான்.

ஊர்க்காவலன் என்னை வெளியே கூப்பிட்டார். பைக் இருந்த நிழலில் நின்றோம்.

“ஒண்ணு கேக்குறேன். தப்பா எடுத்துக்கப்படாது.”

“கேளுங்க மச்சான்.”

“எங்கம்மா இங்கன எந்த மொறையில இருக்காக? தங்கச்சி இருந்தா மக வீடு. இப்ப இது யாரு வீடு?”

நான் கையில் ஒட்டியிருந்த கரியைத் தேய்த்தேன்.

“நீங்க நல்லவருதான். ஊரு ஒரு மாதிரி பேசுது, அத விடுங்க. நாளைக்கு நீங்க இன்னொரு கல்யாணம் பண்ணுவீக. பண்ணத்தான் வேணும். முப்பத்திரண்டு வயசு. அன்னைக்கு எங்கம்மா தூக்குவாளிய வச்சுக்கிட்டு எங்கன போயி நிக்கும்?”

“அத்தைக்கு மறுபடி மருந்துக்குப் போக விருப்பமா மச்சான்?”

“யாருக்குத்தான் விருப்பம்? எனக்கு விருப்பமா? அங்கன போனா அது சம்பாத்தியம். எவனும் ஏன் இருக்கன்னு கேக்க மாட்டான்.” சட்டை மடிப்பை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். “இருக்கச் சொல்லி நீங்களாவது ஒரு வார்த்த சொல்லிருக்கீகளா? ஒன்பது மாசத்துல?”

சொன்னதில்லை. அத்தை இருந்தார், அவ்வளவுதான். காலையில் சட்டை துவைத்திருக்கும். தட்டில் சோறு இருக்கும். அதைப் பற்றி யாரும் பேசினதில்லை.

அவர் சாப்பிட்டு வருவதாகச் சொல்லி ஆமத்தூர்க் கடைக்குப் போனார். நான் உள்ளே வந்தேன். அத்தை அடுப்பின் கண்ணாடி வழியாகக் கரியைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

“அவன் என்ன சொன்னான்?”

“ஒண்ணுமில்ல.”

“அவன் ஒண்ணுமில்லாததுக்குப் பேசுற ஆளில்லையே.” முந்தானையில் கையைத் துடைத்தார். கறுப்பு போகவில்லை. “மாப்ள, நேத்து நான் ஆறு மணிக்கு டீ கொண்டாந்தேன். நீங்க கீழ ஒரு சாக்க விரிச்சுத் தூங்கிட்டு இருந்தீக.”

நினைவிருந்தது. கரியைத் தட்டில் சேர்த்ததும் அப்படியே சாய்ந்தேன். விழித்தபோது இருட்டிவிட்டது. தட்டைப் பார்க்காமலே பூட்டிக்கொண்டு போனேன்.

“தலமாட்டுல தட்டு நெறையக் கறுப்பா. எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு. எளுப்பத்தான் வந்தேன். ஆனா அவ போனதுலருந்து நீங்க அப்பிடித் தூங்கி நான் பாத்ததே இல்ல. வாயத் தொறந்து, சின்னப் புள்ள கணக்கா. எளுப்ப மனசு வரல. அதான் மருந்த மட்டும் அவிச்சுட்டுச் சத்தமில்லாமப் போயிட்டேன்.”

அடுப்பின் முள் நூற்றிருபதில் நின்றது. நான் அதைப் பார்த்தேன்.

“டீ?” என்றேன்.

“நாந்தான் குடிச்சேன். ஆறிப்போயிரும்ல.”

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கம்பெனி வண்டி வந்துவிட்டது. டிரைவர் பெயர் அருள்பாண்டி. கோவில்பட்டிக்காரர், கோயம்புத்தூரில் வேலை. இறங்கியதும் மணி பார்த்தார்.

“அண்ணே, பார்சலக் குடுத்தா நான் கெளம்பிருவேன். திண்டுக்கல் தாண்டித்தான் சாப்பாடு.”

நான் அடுப்பைத் திறந்தேன். முதல் தட்டை எடுத்தேன். கரி விரிந்து, பொலபொலவென்று இருந்தது. சீசாவில் போடலாம் என்று கரண்டியை எடுத்தேன்.

“பொறுங்க,” என்றார் அத்தை.

ஒரு சிட்டிகை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும் தேய்த்தார்.

“காயல.”

“நாலு மணி நேரம் ஆயிருச்சு அத்த.”

“வெளிய காஞ்சிருக்கு. உள்ளுக்குள்ள இருக்கு. விரலு இளுக்குது.”

அருள்பாண்டி சிரித்தார். “ஆச்சி விரலுதான் மீட்டரா?”

“தம்பி, இந்த விரலு தப்பாச் சொல்லிருந்தா ரெண்டு கைலயும் பத்து இருக்காது,” என்றார் அத்தை. அருள்பாண்டி வாயை மூடிக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்தார்.

தட்டை எடை போட்டேன். நூற்று முப்பத்தொன்பது. மறுபடி அடுப்பில் வைத்தேன். அரை மணி. எடுத்து எடை போட்டேன். நூற்று முப்பத்தேழு. இரண்டு கிராம் தண்ணீர் உள்ளே இருந்திருக்கிறது. இன்னும் கால் மணி. நூற்று முப்பத்தேழு. இறங்கவில்லை. அத்தை தேய்த்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

மூன்று தட்டும் சேர்ந்து நானூற்றுப் பன்னிரண்டு கிராம். அரைக் கிலோ இல்லை. இருந்ததைச் சீசாவில் போட்டு மூடினேன்.

அருள்பாண்டி ஒரு தாளை நீட்டினார். கம்பெனித் தாள். எந்த மரம், எத்தனை டிகிரி, எந்த வாயு, எப்படிக் கழுவியது. ஒவ்வொன்றாக எழுதினேன். சனிக்கிழமை போர்த் தண்ணீர் பட்டதையும், ஞாயிற்றுக்கிழமை ஆறு தடவை அலசியதையும் எழுதினேன்.

“இதையெல்லாமாண்ணே எளுதுவீக?” என்றார் அருள்பாண்டி.

“பேட்டரில எப்படியும் தெரிஞ்சிரும்.”

கடைசி வரியில் இப்படி அச்சடித்திருந்தது: ‘கரியைத் தயாரித்தவர் பெயர், கையொப்பம். தேர்வானால் அடுத்த தவணையையும் இவரே எங்கள் பொறியாளர் முன் செய்து காட்ட வேண்டும்.’

பேனா கொஞ்ச நேரம் நின்றது. மாடத்தி என்று எழுதினேன். தாளை அத்தையின் பக்கம் திருப்பினேன்.

ஊர்க்காவலன் திரும்பி வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தார். எட்டிப் படித்தார். மெதுவாக, இரண்டு தடவை.

“அப்ப ஆர்டர் வந்தா அம்மா இங்கன இருக்கணுமே மாப்ள?”

“ஆமா மச்சான்.”

“நாளைக்கு வேன் இருக்கே?”

அத்தை பேனாவைத் தொடவில்லை. தாளையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“இத தாளு கேக்குதா, நீங்க கேக்குறீகளா?”

வண்டியில் அருள்பாண்டி இஞ்சினைப் போட்டுவிட்டார். சாலையில் ஒரு லாரி போனது. எல்லோரும் காத்திருந்தார்கள். இந்தத் தடவை வார்த்தை வரும் என்று தெரிந்தது. வந்தது.

“நாந்தான் கேக்குறேன்.”

“என்னன்னு?”

“இருங்க அத்த.”

“கரிக்கா?”

“இல்ல. வீட்டுக்கு. ஷெட்டு இருந்தாலும் இல்லாட்டியும்.”

அத்தை பேனாவை எடுத்தார். மா போட்டார். ட போட்டு நிறுத்தினார்.

“நாளப்பின்ன ஒருத்தி வந்தாலுமா?”

“வந்தாலும்.”

மிச்ச எழுத்தையும் போட்டார். கையில் இருந்த கறுப்பு தாளின் ஓரத்தில் பெருவிரல் அளவுக்கு ஒட்டியது. அருள்பாண்டி அதை அப்படியே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பதில் வர பத்து நாள் ஆகும் என்றார்.

ஊர்க்காவலன் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகவில்லை.

“நல்லாருக்கு. பேரு குடுத்தவன் நான். காலையில ஆறரைக்கு விஸ்வநத்தம் விலக்கு ரோட்டுல வேன் வந்து நிக்கும். என் வாயால வரமாட்டாகன்னு சொல்ல மாட்டேன் மாப்ள. நீங்களே வந்து சொல்லுங்க.”

“வர்றேன்.”

“உள்ள இருவது பொம்பளைக உக்காந்திருப்பாக. அம்புட்டும் எங்கம்மாவோட சேக்காளிக. மக போனப்புறம் மாமியா எதுக்கு உனக்குன்னு மூஞ்சிக்கு நேரா கேப்பாக. அவுக முன்னால சொல்லுவீகளா?”

“சொல்லுவேன்.”

“என்ன சொல்லுவீக?”

அத்தை குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“காலையில சொல்றேன்,” என்றேன்.